பால்கனி எந்தப் பக்கம்

ஃபேன் போடக்கூடாது. ஜன்னல் திறக்கக்கூடாது. மேஜையில் சாயக்கூடாது, மேஜைக்கு எதிரே நின்று பலமாகச் சிரிக்கக்கூடாது, தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடிவிட வேண்டும். இத்தனை கூடாதுகளையும் லிஃப்ட் கதவை ஒரு காலால் தடுத்துப் பிடித்தபடி அடுக்கிவிட்டு அப்பா ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிப் போயாயிற்று. திருச்சியில், மே மாதத்து மத்தியானத்தில், மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிற ஃப்ளாட்டில், ஃபேன் இல்லாமல் ஒரு மனுஷி உட்கார்ந்திருக்க முடியுமா என்று அந்த மனிதருக்கு யாராவது எடுத்துச் சொன்னால் தேவலை. கமலினி சோபா நுனியில் உட்கார்ந்து நோட்டு அட்டை ஒன்றால் விசிறிக்கொண்டாள். விசிறியதும் மேஜை மேலிருந்த பொம்மை ஈச்ச மரம் ஒன்று லேசாக ஆடிய மாதிரி இருந்தது. சட்டென்று நிறுத்தினாள். ஆக விசிறவும் கூடாது, அதை அவர் சொல்ல மறந்துவிட்டார், அவ்வளவுதான். "கமலி, பாத்துக்கடா," என்றாள் காலி வீட்டைப் பார்த்து. அச்சாக அப்பா குரல். முதலில் ஒரு சின்னக் கனைப்பு, அப்புறம் ஒவ்வொரு சொல்லையும் தனித்தனி டப்பாவில் எடுத்துப் போடுகிற மாதிரி ஒரு நிதானம். "ஒரு மணி நேரம்தான். அம்மாவைக் கூட்டிட்டு வந்துடுறேன். நீ ஒண்ணும் செய்ய வேணாம். சும்மா பாத்துக்க." சும்மா பார்த்துக்கொள்வது எப்படி? பிளஸ் டூ பரீட்சை எழுதி முடித்து ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற பெண், வெயிலில் வெந்துகொண்டு, அசையாமல் நிற்கிற ஒரு பிளாஸ்டிக் கட்டிடத்தை அசையாமல் பார்த்துக்கொண்டிருப்பதா? அது எங்கே ஓடப்போகிறது? அது ஓடினால்கூட நன்றாக இருக்கும்.

ஓடாது. எட்டு மாசமாக ஓடவில்லை. சாப்பாட்டு மேஜை முழுவதையும் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறது. அப்பாவும் அவளும் எட்டு மாசமாகத் தட்டை மடியில் வைத்துத்தான் சாப்பிடுகிறார்கள். ரசம் என்றால் தம்ளர். நாலு மாடி, வெள்ளை வெளேரென்று, எல்லாம் ஒன்றையொன்று கவ்விக்கொள்கிற விரல் நகத்தளவு பிளாஸ்டிக் பொம்மைக் கட்டை. ஒன்றின் மேல் ஒன்று அழுத்தி, ஒன்றின் மேல் ஒன்று அழுத்தி, நடு ராத்திரியில்கூட டிக் டிக் என்று சத்தம் வரும், பல்லி என்று நினைத்துத் திரும்பிப் படுப்பாள், பார்த்தால் அப்பா. மாடிக்கு மாடி பால்கனி, பால்கனிக் கொடியில் காய்கிற துண்டு, ஏ.சி. பெட்டிகள், மொட்டை மாடியில் தண்ணீர் டேங்க், காம்பவுண்டுச் சுவர், வளைந்து போகிற ரோடு, ரோடு ஓரம் ஈச்ச மரங்கள், பின்னால் ஒரு புல்கூட முளைக்காத பழுப்பு மலை, முன்னால் கண்ணாடி மாதிரி நீலக் கட்டைகளில் கடல். கடலில் அலை வேறு! அலைக்கு வெள்ளை நுரை வேறு! ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும், பார்க்கிறவர்கள் வாயைப் பிளந்துகொண்டுதான் நிற்கிறார்கள். மஸ்கட்டில் அம்மா நர்ஸாக இருக்கிற ஆஸ்பத்திரியின் ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ். அம்மா அங்கே போய் இரண்டு வருஷம் ஆகிறது, இந்த ஃப்ளாட்டை வாங்கத்தான் போனாள், ஃப்ளாட்டும் வாங்கியாயிற்று, இப்போது அந்த ஃப்ளாட்டுக்குள் அம்மாவுக்குப் பதில் அம்மாவின் குவார்ட்டர்ஸ் உட்கார்ந்திருக்கிறது. இதை யாரிடம் சொல்லி அழுவது? அப்பா, அதாவது உலகநாதன், டிராக்டர் உதிரிபாகக் கடையில் ஸ்டோர் இன்சார்ஜ். பகலெல்லாம் நட்டும் வாஷரும் பிரித்துப் பிரித்து டப்பாவில் போடுவார், வீட்டுக்கு வந்து கை கழுவிவிட்டுக் கட்டைகளைப் பிரித்துப் பிரித்து டப்பாவில் போடுவார். அவர் மாதிரியே இன்னும் நாற்பது ஆம்பிளைகள் ஊர் ஊராக இருக்கிறார்கள். 'கட்டைக் கூட்டம்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு குரூப். தலைவர் கோயம்புத்தூரில் பல் டாக்டர், நந்தகோபால் என்று பேர், அணைக்கட்டு ஒன்று கட்டியிருக்கிறார், கைப்பிடியைச் சுற்றினால் மதகு ஒவ்வொன்றாகத் திறக்கும். காரைக்குடியில் ஒரு பேங்க் மேனேஜர் நாலு கட்டு வீட்டை ஓடு ஓடாக அடுக்கியிருக்கிறார். எல்லோரும் கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவர்கள். பசை ஒட்டக்கூடாது, கட்டையை வெட்டக்கூடாது, பெயிண்ட் பூசக்கூடாது, இது மூன்றும் கூட்டத்தின் சட்டம். பசை ஒட்டாததால்தான் ஃபேன் போடக்கூடாது. ஒரு சொட்டுப் பசை! ஒரே ஒரு சொட்டு! "அதெப்படிங்க அம்முணி, ஒட்டீட்டா அது பொம்மைங்க, ஒட்டாம நின்னாத்தானுங்க அது கட்டடம்," என்று பல் டாக்டர் குரலில் சொல்லிப் பார்த்துக்கொண்டாள், ஒவ்வொரு வாக்கியத்தையும் மூக்குக்கு மேலே கொண்டுபோய்த் தொங்கவிட்டு. அவர் போனில் பேசினால் யாருடைய பல்லையோ பிடுங்கிக்கொண்டே பேசுகிற மாதிரி இருக்கும். அந்தக் குரலில் அப்பாவுக்கே ஒரு தடவை போன் போட்டு, "உலகநாதனுங்களா, உங்க கட்டடத்துல சொத்தை இருக்குதுங்க," என்று சொல்லியிருக்கிறாள். அப்பா ஒரு ராத்திரி முழுக்கச் சொத்தையைத் தேடினார்.

மேலே பல்லி. உண்மையான பல்லி. சரியாகப் பழுப்பு மலைக்கு நேர் மேலே உத்தரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது, வாலை மட்டும் ஒரு தரம் அசைத்தது. விழுந்தால்? விழுந்தால் மலை போகும், மலையோடு மூன்று மரம் போகும், பல்லி பயந்து கடலுக்குள் ஓடினால் அலை எல்லாம் போகும். பல்லியை விரட்ட வேண்டுமானால் துடைப்பத்தைத் தூக்க வேண்டும், துடைப்பம் தூக்கினால் காற்று வரும், காற்று வந்தால்... கடவுளே. "போயிடு ராசா," என்று பல்லியிடம் செல்வராணி அத்தை குரலில் கெஞ்சினாள். சொல்லி வைத்தாற்போல் போன் அடித்தது. அதே அத்தை. அப்பாவின் அக்கா, புதுக்கோட்டையில் இருந்துகொண்டு இந்த வீட்டைப் போன் வழியாக நடத்துகிறவள். "வந்துட்டாளா?" என்றாள் அத்தை. "இல்லத்தை, பிளேன் இறங்கிடுச்சாம், வெளிய வரலையாம்." "நான் ஒண்ணும் சொல்லல. எனக்கென்ன வந்துச்சு? ஆனா ஒண்ணு கேக்குறேன், அவ இன்னும் மூணு வருஷ வேலைக்குக் கான்ட்ராக்டுல கையெழுத்துப் போடப் போறாளா, இல்ல வந்து இருக்கப் போறாளா?" "தெரியல அத்தை." "உங்கப்பன் கேட்டானா?" "கேக்க மாட்டாராம்." "ஏன், வாயில கொழுக்கட்டையா?" "அவளே முடிவு பண்ணட்டும், நான் கேட்டா எனக்காக இருந்துடுவா, அது தப்புங்கிறாரு." அத்தை ஒரு நிமிஷம் பேசவில்லை. அத்தை பேசாமல் இருப்பது அபூர்வம், அதை மிமிக்ரி பண்ணவே முடியாது. "அப்ப நீ கேளுடி," என்றாள். "நீ என்ன ஊமையா? ஊர்ல இருக்கிறவங்க குரல்ல எல்லாம் பேசுறியே." போனை வைத்துவிட்டாள். ஊரில் இருக்கிற குரலில் எல்லாம் பேசுவதுதான் கஷ்டமே அத்தை என்று செத்துப்போன போனுக்குள் சொன்னாள் கமலினி. பல்லி மலையை விட்டுக் கடலுக்கு மேலே வந்திருந்தது.

கேட்கத்தான் வேண்டும். ஒரு சொல்தான். போகாத. மூன்றெழுத்தா நாலெழுத்தா, ஏதோ ஒன்று, மூச்சு விடுகிற நேரத்தில் சொல்லிவிடலாம். ஒரு வாரமாகக் குளியலறையில் சொல்லிச் சொல்லிப் பார்த்தாயிற்று. அத்தை மாதிரி, "போகாதடி யம்மா, நான் ஒண்ணும் சொல்லல, ஆனா போகாத." கணக்கு டியூஷன் அந்தோணி சார் மாதிரி, "கவனி, கவனி, அம்மா போனால் என்ன ஆகும்? வீட்டில் ஒன்று குறையும். ஆகவே போகக்கூடாது. புரிஞ்சுதா கடைசி பெஞ்சு?" எலெக்‌ஷன் ஜீப் மாதிரி, "உங்கள் பொன்னான பாதங்களைத் தொட்டுக் கேட்கிறோம் தாயே, போகாதீர்கள், போகாதீர்கள்." டி.வி.யில் நியூஸ் வாசிக்கிற பெண் மாதிரி, "திருமதி சுகந்தி உலகநாதன் மஸ்கட் திரும்பும் பயணத்தை ரத்து செய்துள்ளார். மேலதிகத் தகவல்கள்..." எல்லாம் பிரமாதமாக வந்தது. பிரமாதமாக வந்ததுதான் தொந்தரவு. ஒன்றுகூட நிஜமாகக் கேட்கிற மாதிரி இல்லை. அம்மா சிரிப்பாள். சிரித்து, "அடி என் வாயாடி," என்று கன்னத்தைக் கிள்ளுவாள், அதோடு போயிற்று. அம்மா குரலிலேயே கூடச் சொல்லிப் பார்த்தாள். அம்மா குரல் இருப்பதிலேயே சுலபம். ஏனென்றால் அம்மா நாலே நாலு வாக்கியம்தான் பேசுகிறாள். சாப்பிட்டேன். தூங்கினேன். இங்க ஒரு குறையும் இல்ல. படிக்கிறியா? முதல் பாதியைக் கொஞ்சம் தூக்கி, கடைசி எழுத்தை விழுங்க வேண்டும், அவ்வளவுதான் அம்மா. சிநேகிதிகளிடம் செய்து காட்டினால் உருண்டு உருண்டு சிரிப்பார்கள். இரண்டு வருஷத்தில் அம்மா நாலு வாக்கியமாகச் சுருங்கிப் போனாள், அதைச் செய்து காட்டிச் சிரிக்கிற அளவுக்கு ஆயிற்று என்பது நடு ராத்திரியில் நினைத்தால் தூக்கம் போய்விடும். அதற்கும் மேல் அம்மா என்ன பேச முடியும், அப்பா பேச விட்டால்தானே! வீடியோ கால் வந்ததும், "சுகந்தி, மாடியில இருக்கிற டேங்க் கறுப்பா நீலமா?" "கறுப்புங்க. ஏன்?" "சும்மாதான். பால்கனி கம்பி நேரா போகுதா, பூ போட்டிருக்கா?" "நேராத்தான் போகுது." "கடல் தெரியுதா?" "தெரியுதுங்க." "செல்ஃபி ஒண்ணு அனுப்பு. பின்னால கட்டிடம் நல்லா விழுற மாதிரி." பெண்டாட்டி ஆயிரத்தைந்நூறு மைலுக்கு அந்தப் பக்கம், இந்த மனிதர் டேங்க் நிறம் கேட்கிறார். இதெல்லாம் எதற்கு என்று அம்மாவுக்குத் தெரியாது, பாவம், வந்ததும் பார்த்து மலைத்து நிற்க வேண்டுமாம். ஆச்சரியம் கொடுக்கிறாராம். போகாதே என்று ஒரு சொல் சொல்லத் துப்பில்லாமல், போகிற இடத்தையே கட்டி மேஜையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, இவரை என்ன செய்வது?

எழுந்து நின்றாள். பாவாடை காலோடு ஒட்டிக்கொண்டது. மேஜையைச் சுற்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, சுவர் ஓரமாகப் போனாள். சுவரில் வரிசையாக அம்மாவின் செல்ஃபிகள், அப்பா பிரிண்ட் போட்டு ஒட்டியவை, எல்லாவற்றிலும் அம்மா ஒரு ஓரத்தில் பாதி முகம், மீதியெல்லாம் கட்டிடம். கட்டிடத்தின் மேல் பென்சில் கோடு, அம்மா மேல் ஒரு கோடு இல்லை. ஒன்றில் அம்மா பொங்கலுக்கு அரக்குப் புடவை கட்டியிருந்தாள். அந்தப் படத்தில்தான் கண் நின்றது. என்னவோ சரியில்லை. அம்மா மாதிரியும் இருக்கிறது, அம்மாவின் சித்தி பெண் மாதிரியும் இருக்கிறது. இளைத்துவிட்டாளா? இல்லை. தலை வாரினது மாறியிருக்கிறதா? மூக்குத்தி. மூக்குத்தி படத்தில் வலது கைப் பக்கம் மின்னியது. அடுத்த படத்திலும் அங்கேயே. எல்லாப் படத்திலும் அங்கேயே. திரும்பி எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த கல்யாண ஃபோட்டோவைப் பார்த்தாள். அதில் மூக்குத்தி இடது கைப் பக்கம். மஸ்கட் போய் மறுபடி மூக்குக் குத்திக்கொண்டாளா? நர்ஸுக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது? மறுபடி பொங்கல் படம். முந்தானை. முந்தானை வலது தோளில் கிடந்தது. இருபது வருஷமாக இடது தோளில் போட்டவள் பொங்கலன்றைக்கு மட்டும் சேட்டு வீட்டம்மா மாதிரி வலது தோளில் எதற்குப் போட வேண்டும்? கமலினி தன் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள், இடது, வலது, எந்தக் கை எந்தக் கை என்றே ஒரு நிமிஷம் மறந்துபோயிற்று. அப்புறம் உச்சந்தலையில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றின மாதிரி இறங்கியது. செல்ஃபி. அம்மாவின் பழைய போன். அந்த மாதிரிப் போன் எல்லாம் செல்ஃபியைக் கண்ணாடியில் பார்க்கிற மாதிரியே எடுத்து வைத்துக்கொள்ளும், திருப்பாது. அவளுடைய சிநேகிதி போனும் அப்படித்தான், டி-ஷர்ட்டில் எழுத்தெல்லாம் திரும்பி விழும். அப்பா எட்டு மாசமாக, டிக் டிக் என்று, கண்ணாடியில் தெரிகிற கட்டிடத்தைக் கட்டியிருக்கிறார். மாடிப்படி அந்தப் பக்கம் இருக்க வேண்டும். மலைச் சரிவு அந்தப் பக்கம். அம்மா நின்று வீடியோவில் பேசுகிற நாலாவது மாடிக் கோடி பால்கனி இந்தக் கோடியில் இல்லை, அந்தக் கோடியில். வாசலில் அரபியில் ஒரு பலகை, அதை மட்டும் மூன்று வாரம் அரிசி அரிசியான துண்டுகளால் எழுதினார், அதுவும் திரும்பித்தான் இருக்கும், அரபி யாருக்குத் தெரியும்? கட்டைக் கூட்டத்தில் வீடியோ போட்டதும், "அரபிக்காரனே பார்த்தா அசந்து போயிருவானுங்க," என்றார் பல் டாக்டர். அசந்துதான் போவான்!

சிரிப்பு வந்தது. நியாயமாகப் பார்த்தால் உருண்டு சிரிக்க வேண்டிய விஷயம், இது மாதிரி ஒரு கேலி அவளுக்கு வருஷத்துக்கு ஒரு தரம்கூடக் கிடைக்காது. ஆனால் சிரிப்பு பாதியிலேயே நின்றுபோயிற்று. சொல்வதா, விடுவதா? போன் போட்டு, "அப்பா, முழுசும் இடம் வலம் மாறிப்போச்சு," என்றால் அந்த மனிதர் வண்டியை எங்கேயாவது ஓரங்கட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவார். சொல்லாமல் விட்டால் அம்மா வந்து பார்ப்பாள், பார்த்ததும் தெரியும், அவள் குடியிருக்கிற இடம் அவளுக்குத் தெரியாதா? தெரிந்தால், இந்த மனுஷனுக்கு என் இடமே தெரியலையே என்று நினைப்பாள். நினைத்தால் இரண்டு விதமாகவும் போகலாம். பாவம் மனுஷன், இருந்துவிடுவோம் என்று நினைக்கலாம். அல்லது, என்னத்தைப் பார்த்தார், என்னத்தைக் கேட்டார், போய்விடுவோம் என்று நினைக்கலாம். ஆனாலும் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. படத்தில் கோடு போட ஸ்கேலை அம்மாவின் மூக்குக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார். மூக்கைப் பார்க்கவில்லையே! இரண்டு வருஷமாக அந்த மூக்கைப் பார்க்கத்தானே இந்த வீட்டில் இரண்டு பேர் ஏங்கிக்கொண்டிருக்கிறோம்? நீ பார்த்தாயா என்று உள்ளே யாரோ கேட்டார்கள், யார் குரல் என்று தெரியவில்லை. நானும்தான் தினம் இந்தச் சுவரைத் தாண்டித்தான் பாத்ரூம் போகிறேன். நான் மட்டும் என்ன பார்த்தேன்? மறுபடி மேஜைக்கு வந்தாள். மாற்றிவிடலாமா? ஒரு பால்கனியையாவது பிடுங்கி அந்தக் கோடியில்? கை நீண்டது, நின்றது. பசையில்லாத கட்டிடம், ஒன்றைப் பிடுங்கினால் எது நிற்கும் எது விழும் என்று கட்டினவருக்கே தெரியாது. பல்லியைக் காணவில்லை. எங்கே போயிற்று, உள்ளே போய்விட்டதா, முதல் மாடியில் குடி வந்துவிட்டதா என்று குனிந்து பார்க்கும்போது லிஃப்ட் வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

கதவு திறந்தது. முதலில் பெட்டி வந்தது, அப்புறம் அப்பா, அப்புறம் அப்பாவின் கை பின்னாலிருந்து கண்ணைப் பொத்த, தடுமாறிக்கொண்டு அம்மா. "என்னங்க இது, செருப்பைக் கூடக் கழட்ட விடாம," என்றாள் அம்மா, வெள்ளை ஷூவோடு ஹாலுக்குள் நடந்தபடி. "கமலி எங்க? பாப்பா!" கமலினி போய்க் கட்டிக்கொண்டாள். அம்மாவின் தோள் அவள் தோளுக்குக் கீழே இருந்தது. இது எப்போது நடந்தது? அப்பா பொறுக்க மாட்டாமல், "இப்ப பாரு, இப்ப பாரு," என்று கையை எடுத்தார். அம்மா பார்த்தாள். "ஐயோ," என்றாள். வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, என்னங்க இது, டேங்க், துண்டெல்லாம்... இதுக்குத்தானா அத்தனை கேள்வி?" அப்பா சின்னப் பிள்ளை மாதிரி தலையாட்டிக்கொண்டே, சட்டைப் பையிலிருந்து ஒரு கட்டையை எடுத்தார். விரல் நுனி உயரத்தில் நீல யூனிஃபார்ம் போட்ட ஒரு பொம்மை. "எங்க கூட்டத்துல ஒரு வழக்கம். கடைசிக் கட்டையைக் கட்டினவன் வைக்கக்கூடாது. யாருக்காகக் கட்டினமோ அவங்கதான் வைக்கணும். நீ உன் பால்கனியில நில்லு." அம்மா வாங்கிக்கொண்டாள். அவள் கை யோசிக்காமல் நாலாவது மாடியின் வலது கோடிக்குப் போயிற்று. அங்கே வெறும் சுவரும் ஒரு தண்ணீர்க் குழாயும்தான். கை அந்தரத்தில் நின்றது. கமலினி தன் நகத்தைக் கடித்தாள். அம்மாவின் கண் அப்பாவின் முகத்துக்கு ஒரு தரம் போய்த் திரும்பியது. கை மெல்ல இடது கோடிக்கு நகர்ந்து, பொம்மையை அந்தப் பால்கனியில் வைத்து அழுத்தியது. டிக். "அச்சு அசல் அப்படியே இருக்குங்க," என்றாள் அம்மா. "ஒரு குறையும் இல்ல."

முதல் பாதி தூக்கல். கடைசி எழுத்தை விழுங்கியாயிற்று. கமலினிக்குக் காது அடைத்தது. ஊரையே காதால் பிடிக்கிற பெண்ணுக்கு இது தெரியாதா? இது பொய் சொல்கிற குரல். இப்போது, கண்ணெதிரே, பொய் என்று தெரிந்தே அம்மா சொன்ன குரல். அப்படியானால் இரண்டு வருஷமாக, தினம் தினம், போனில் இதே குரலில் சொன்னதெல்லாம்? "பொய் சொல்லாதம்மா!" என்று கத்தியே விட்டாள். "உன் பால்கனி அது இல்ல. கையை அந்தப் பக்கம்தான் கொண்டு போன. எல்லாம் திரும்பியிருக்கு. அப்பா, உங்க போட்டோ எல்லாம் கண்ணாடி மாதிரி விழுந்திருக்கு, மூக்குத்தியைப் பாருங்க, முந்தானையைப் பாருங்க, எட்டு மாசம்! எட்டு மாசமா என்னத்தப்பா பாத்தீங்க?" அம்மா, "பேசாம இருடி," என்றாள். அப்பா சுவருக்குப் போனார். பொங்கல் படத்தைப் பார்த்தார், திரும்பிக் கல்யாண ஃபோட்டோவைப் பார்த்தார், கடைசியில் நிஜ அம்மாவின் மூக்கைப் பார்த்தார். "ஆமா," என்றார். "பரவால்லங்க," என்றாள் அம்மா, "எவ்வளவு அழகா இருக்கு, யாருக்குத் தெரியப் போகுது?" "உனக்குத் தெரியுமே," என்றாள் கமலினி. "அந்தப் பக்கம்தானே உன் ரூம்? சொல்லு." அம்மா மேஜை நாற்காலியைத் தேடினாள், நாற்காலியெல்லாம் பரணில் இருந்தன, பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "எந்தப் பக்கமும் இல்லடி," என்றாள். இது வேறு குரல். இதைக் கமலினி கேட்டதில்லை, அல்லது மறந்து போயிருந்தாள். "அது லிஸ்ஸி சிஸ்டர் பால்கனி. அவங்க சீனியர், அவங்களுக்குத்தான் கடல் பக்கம். உங்களோட வீடியோவுல பேசறதுக்கு மட்டும் அங்க போவேன். என் ரூம் கீழ, லாண்டரிக்குப் பின்னால. ஆறு பேரு. எந்நேரமும் யாராவது நைட் டூட்டி முடிச்சுத் தூங்கிட்டு இருப்பாங்க, லைட் போட முடியாது, வாயைத் திறந்து பேச முடியாது. ஜன்னல் கிடையாது." "ஜன்னலே இல்லையா?" என்றார் அப்பா. "இல்ல." "ஏன் சுகந்தி சொல்லல?" "நீங்க கடல் தெரியுதான்னுதான் கேட்டீங்க." அம்மா இதைக் கோபமாகச் சொல்லவில்லை. டேங்க் கறுப்பு என்று சொன்ன மாதிரிதான் சொன்னாள்.

அப்பா மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்பக்கம் குனிந்து, கீழ் மாடியில், லாண்டரி இருந்திருக்க வேண்டிய இடத்தில் எதையோ தேடினார். அங்கே அவர் எதுவும் கட்டவில்லை, படத்தில் விழாத இடமெல்லாம் பொத்தல், வெளியே மட்டும்தான் சுவர். யாராவது ஏதாவது சொல்ல வேண்டும், இப்போது யாராவது சொல்லாவிட்டால் அம்மா, "சரி விடுங்க, காபி போடறேன்," என்று எழுந்து போய்விடுவாள், அத்தோடு லீவு முடிந்து பிளேன் ஏறிவிடுவாள் என்று கமலினிக்கு நன்றாகத் தெரிந்தது. அத்தையைக் கூப்பிட்டுப் பார்த்தாள் உள்ளே, அத்தை வரவில்லை. அந்தோணி சார் வரவில்லை. எலெக்‌ஷன் ஜீப் போன இடம் தெரியவில்லை. "போகாத," என்றாள். கரகரவென்று, கீச்சென்று, பாதியில் உடைந்து, கேட்கவே சகிக்காமல் வந்தது. அம்மா நிமிர்ந்து பார்த்தாள். சிரிப்பு வருகிற மாதிரி உதடு போயிற்று, ஆனால் சிரிக்கவில்லை. காதைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு, "இது யாரு குரல்டி?" என்றாள். "புதுசா இருக்கே. யாருன்னு தெரியலையே." "அது யாரு மாதிரியும் இல்ல சுகந்தி," என்றார் அப்பா குனிந்த தலையை நிமிர்த்தாமல். "அவதான். அவ குரலே அதுதான்." அம்மா மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் வாயையே, அங்கிருந்து இன்னொரு தரம் வருமா என்கிற மாதிரி. "இன்னொரு தடவை சொல்லு," என்றாள். வரவில்லை. யார் சொன்னதையும் கேட்ட மாத்திரத்தில் திருப்பிச் சொல்கிறவள், தான் சொன்னதைத் திருப்பிச் சொல்ல முடியாமல் நின்றாள். கடைசியில் ஒரு கனைப்பு கேட்டது. "போகாத சுகந்தி," என்றார் அப்பா. எந்தச் சொல்லும் எந்த டப்பாவிலும் விழவில்லை, எல்லாம் ஒன்றாகக் கொட்டிய மாதிரி வந்தது. "நான் கேக்கக்கூடாதுன்னு இருந்தேன். கேட்டுட்டேன்."

அம்மா பெட்டி மேல் உட்கார்ந்தபடியே குனிந்து, ஷூவின் கயிற்றை அவிழ்த்தாள். ஒன்றைக் கழற்றினாள், அப்புறம் மற்றதை. கால் வீங்கியிருந்தது, விரல்களை விரித்து விரித்து மடக்கினாள். பிறகு இரண்டையும் சேர்த்துக் கமலினியிடம் நீட்டினாள். "இதைக் கொண்டுபோய் ஸ்டாண்டுல வை," என்றாள். "மேல் தட்டுல வேணாம். அடியில, நல்லா உள்ள தள்ளி வை."